நாற்பத்துமூன்று

ரேமண்ட் ஹாலெட்டுக்கு இது ஆறாவது தேர்தல்.
முந்தைய ஐந்தில் இரண்டுக்குப் பெட்டியே வைக்கவில்லை,
எதிர்த்து நிற்க ஆளில்லை.
மற்ற மூன்றிலும் அவர் பெயருக்கு நேரே
பென்சிலை அழுத்தியவன் நான்.
எங்கள் சாயர்ஸ் ரீச்சில்
தார் போடும் வண்டி வந்தால்
தேர்தல் வருகிறதென்று
நியூஃபவுண்ட்லாந்தின் சீல்களுக்கும் தெரியும்.

இந்த முறை ஒருத்தி நின்றாள்.
மார்னி ஃப்ரீசன். மனிடோபாக்காரி,
கடல் இல்லாத ஊரில் பிறந்தவள்.
பதினோரு ஆண்டாய் இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள்,
இன்னும் "வந்தவள்"தான்.
இங்கேயே செத்துப் புதைத்தாலும்
பக்கத்துக் கல்லறை கேட்கும், எந்த ஊரென்று.
கட்சி கிடையாது.
மூடிக்கிடக்கும் மீன் ஆலையின் பெட்டிப் பலகையில்
அவளே பெயின்ட் அடித்த பெயர்,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
கீழே இறங்கியிருந்தது.

வீடு வீடாய்ப் போனாள்.
ஹாலெட்டின் ஆட்களுக்கு வீட்டு எண் தெரியும்.
அவளுக்கு
எந்த வாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது,
எந்த மாடிப்படியில் மூன்றாவது பலகை உளுத்தது,
யார் எந்த பிஸ்கட் டின்னில் மாத்திரை வைத்திருக்கிறார்
என்பதெல்லாம் தெரியும்.
அதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை.
நம்மை உள்ளாடையோடு பார்த்தவளைச்
சட்டசபைக்கு அனுப்புவதா என்றாள் பெர்ல் கீப்பிங்,
சிரிக்காமல்.

அவள் கேட்டது ஒன்றே:
இரவிலும் கிளினிக் திறந்திருக்க வேண்டும்.
மருத்துவமனைக்குத் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்.
என் தம்பி லெவி
அறுபத்தொன்றாவதில் இறந்தான்.
ஓட்டியவள் அவள்தான்.
ஓரமாய் நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறி
அரைமணி நேரம் அவன் மார்பை அழுத்தினாள்.
கண்ணாடியில் பனிமழை.

ஹாலெட்டும் வந்தார், மறுக்க முடியாது.
அடக்கத்தன்று தொப்பியைக் கையில் பிடித்து
ஈரத்தில் கடைசிவரை நின்றார்.
தம்பி மனைவியின் பென்ஷன்
எட்டு மாதம் இழுக்கும் என்றார்கள்,
எட்டு நாளில் வந்தது.
இதை எந்தத் தராசில் எப்படி வைப்பது?

என் வாசலில் இரண்டு பலகையையும் நட்டேன்.
கேட்டவர்களிடம்
காற்றில் ஒன்று சாய்ந்தால்
இன்னொன்று தாங்கும் என்றேன்.

தேவாலயக் கூடத்தில்
நூலில் கட்டிய பென்சில்.
லெவியை நினைத்துக்கொண்டுதான் போனேன்.
கை, பழகிய படகு
தன் கரைக்குத் திரும்புவது போல
ஹாலெட்டின் பெயருக்குப் போய் நின்றது
என்று சொல்லலாம். பொய்.
தெரிந்தேதான் போட்டேன்.
அவள் ஜெயித்தால்
தலைநகருக்குப் போய்விடுவாள்.
ராத்திரி கூப்பிட்டால்
யார் வருவார்?

பத்தே காலுக்கு ரேடியோ சொன்னது:
நாற்பத்துமூன்று வாக்கு வித்தியாசம்.
நான் மாற்றிப் போட்டிருந்தால்
நாற்பத்தொன்று.
கணக்கு என்னை விட்டுவிட்டது.
ஆனால் இந்தத் தொகுதியில்
என்னைப் போலவே யோசிக்க
இன்னும் இருபத்தொரு பேர்
கிடைக்காமலா போயிருப்பார்கள்?

மூன்றாம் நாள் பலகையை எடுக்க வந்தாள்,
சீருடையில், இரவு விழித்த கண்ணோடு.
நானே பிடுங்கித் தருகிறேன் என்று இறங்கினேன்.
பூட்ஸ் வழுக்கிக் கைப்பிடியில் தொங்கினேன்.
முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.
யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை.
எப்படிக் கேட்பாள்.
"படியில் உப்புப் போடுங்கள், ஏம்ப்ரோஸ்.
இதில் ஸ்ட்ரெச்சர் ஏற்ற முடியாது."

மண் ஒட்டிய பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்,
அந்த இறங்கிய எழுத்து பின்னால் தெரிய.

உப்பு மூட்டை கொட்டகையில் இருந்தது.
எடுத்து வந்து
தேவைக்கு மேலேயே போட்டேன்.