அறுநூறு டிகிரி

இரவு மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே
உறைய மறுத்துப் புகைந்தது இர்த்திஷ் ஆறு.
உள்ளே, உலைக்குள்,
வட்டத் தகட்டின் மேல் ஊசிமுனை
மாலையிலிருந்து நாலரைக் கிலோமீட்டர் ஓடியிருந்தது,
இருந்த இடத்திலேயே.

டைட்டேனியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்:
தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும்.
பிரித்தால்
தன் சதையில் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் வரும்.
மேல்தோல் கிழிந்தால்
கண் இமைக்குமுன் புதுத்தோல்.
கிழிந்த பழையதோ எங்கும் போகாது,
தூளாய் உள்ளேயே கிடந்து
மணலாய் அறுக்கும்.

அறைக் குளிரில் பன்னிரண்டு மில்லிகிராம் தேய்ந்தது.
முந்நூறில் பதினேழு.
அறுநூறுக்கு ஏற்றியபோது பாக்திகுல் சொன்னாள்:
"காலையில் தகடே இருக்காது, பார்."
ஒரு பெட்டி பிஸ்கட் பந்தயம்.
வீம்புக்குத்தான் "இருக்கும்" என்றேன்.

விடிந்து, உலை ஆறி,
தராசு காட்டியது: மூன்று.
கண்ணாடிக் கதவை மூடி, மூச்சடக்கி
மறுபடி வைத்தேன்.
மூன்று.

உருப்பெருக்கியில் குனிந்தேன்.
உதிர்ந்த தூளெல்லாம் அந்தச் சூட்டில்
நசுங்கி, ஒன்றையொன்று பற்றி,
தடமெங்கும் கருநீலப் பளபளப்பாய்ப் படிந்திருந்தது.
தன் கழிவின் மேலேயே
வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது ஊசி.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
பளபளப்பின் குறுக்கே
முடியிழை போல விரிசல்கள்.
ஆறும்போது விட்டவையா, ஓடும்போதா,
தெரியவில்லை.

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்.
"தெரியவில்லை" என்பதையும்.
பிஸ்கட்டை மட்டும்
பாக்திகுல் வருமுன்
பிரித்துவிட்டேன்.