இடது பாதி

கமர்ஷியல் தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்கேன் கடை.
இம்தியாஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
படத்தை ஊதாமல், தட்டாமல்,
மெல்லிய பிரஷ்ஷால் ஒரே ஒருமுறை தடவுகிறான்.
"ஈரம் குடிச்சிருக்கு சார். எங்க வெச்சிருந்தீங்க?"

அல்சூரில்.
முதலில் ஒரு பிஸ்கட் டின்னில்,
டின் துருப்பிடித்தபின் தலையணை உறைக்குள்,
போன வருஷம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்த ராத்திரி
என் தலைக்கு மேலே, இரண்டு கையிலும்.

படத்தில் அமலோற்பவம். அப்பாவுக்குப் பெரியம்மா.
மரநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.
பின்னால் ஸ்டுடியோக்காரன் தீட்டிய ஏரி,
ஏரியில் ஓர் அன்னம்.
அன்னத்துக்குக் கழுத்து உண்டு, உடம்பு இல்லை.
அந்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.
அவளுடைய இடது தோளில் ஒரு கை,
காக்கிச் சட்டை, கைக்கடிகாரம், முழங்கை.
அதற்கப்பால் ஆள் இல்லை.

ஆள், சவரிராயன். சேப்பர்.
பாலம் போடுகிற பட்டாளம்.
படம் எடுத்துப் பன்னிரண்டாம் நாள் ரயிலேறினான்.
பர்மா பக்கமிருந்து நாலு கடிதம் வந்தது.
ஊர்ப்பேர் வருகிற இடமெல்லாம்
யாரோ பிளேடால் அறுத்து ஜன்னல் வைத்திருந்தார்கள்.

நாங்கள் இப்போது (ஓட்டை) ஆற்றுக்கு இக்கரையில்
(ஓட்டை) மைல்.
சாம்பிராணி வாசத்தில் இங்கே ஒரு மரம்.

மரத்தை விட்டுவைத்திருந்தார்கள்.
முன்பக்கம் ஊரை அறுத்ததில்
பின்பக்கம் அவள் பெயரின் நடுவெழுத்துகள் போயிருந்தன.

பிறகு தந்தி.
இறந்தான் என்று இல்லை, காணவில்லை என்று.
காணாமல்போனவனுக்குப் பென்ஷன் கிடையாது என்றார்கள்.
செத்ததற்குச் சாட்சி கேட்டார்கள்,
கட்டியதற்குச் சாட்சி கேட்டார்கள்.
கோயில் பதிவேட்டிலிருந்து நகல் கொண்டுபோனாள்,
சாமியாரின் பேனா மை சரியில்லை என்று திருப்பினார்கள்.
ஏழாம் வருஷம் மேசைக்காரர் கேட்டார்,
"ஆளோட போட்டோ?"
இது ஒன்றுதான் இருக்கு என்றாள்.
"இதுல நீயும் இருக்கியேம்மா" என்று
கத்தரிக்கோலை அவரே எடுத்து நீட்டினார்.

வெட்டும்போது கை நடுங்கிக் கோணலாகிவிட்டது என்றுதான்
எங்கள் வீட்டில் சொல்வார்கள்.
நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதம் பதினெட்டு ரூபாய் வந்தது.
குண்டூசி குத்தி அவனை வைத்த கோப்பு எங்கே என்று
இரண்டு தடவை எழுதிக் கேட்டேன்.
"பழையவை கழிக்கப்பட்டன."
கையெழுத்து புரியவில்லை,
முத்திரை வெகு தெளிவு.

இம்தியாஸ் திரையில் பெரிதாக்குகிறான்.
பூச்சி அரித்த கோடுகள் தெரு அகலத்துக்கு வருகின்றன.
"யாரோட கையோ நிக்குது சார், எடுத்துடட்டுமா?
அன்னத்துக்கும் உடம்பு போட்டுடலாம்,
இப்பல்லாம் அதுவே வரைஞ்சிக்கும்."

இன்னும் பெரிசாக்கு என்றேன்.
கடிகாரத்தில் நாலு இருபது.
விரல்களுக்குக் கீழே ரவிக்கைத் துணி சுருங்கியிருக்கிறது,
சும்மா வைத்த கை இல்லை.
ஓரத்துக்குப் போ என்றேன்.

மேலேயிருந்து கோடு நேராகத்தான் இறங்குகிறது.
தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் விலகி,
சட்டை மடிப்பைத் தொடாமல்,
முழங்கையைச் சுற்றிக்கொண்டு
மறுபடியும் நேராக இறங்குகிறது.
நடுங்கின கோடு இப்படி வளையாது.

அப்படியென்றால் கோப்புக்குள் போனவன்
ஒரு கை இல்லாமல் போயிருக்கிறான்.
மேசைக்காரர் கவனித்தாரோ என்னவோ.
கவனித்தும் குண்டூசியை எடுத்தாரோ.

"சார்?" என்கிறான் இம்தியாஸ்.
கரைமேல் கை வைக்காதே,
கறை இருக்கட்டும், அரிப்பு இருக்கட்டும்,
அன்னம் அப்படியே நீந்தட்டும் என்றேன்.

பில் போட்டான்.
தனி ஆள் என்றால் நூற்றைம்பது.
குரூப் போட்டோவுக்கு ஐம்பது கூட.
அதையே போடச் சொன்னேன்.