ஐந்தாவது தோணி

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனி.
கடலைக் காணோம்.
டொரண்டோவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று
துறைமுகத்தின் நடுவில் நின்றபடியே
துறைமுகத்துக்கு வழி கேட்கிறது.
காலுக்குக் கீழே, என்றேன்.
அவர்கள் சிரிக்கவில்லை.

நோவா ஸ்கோஷியாவில் கோடை இப்படித்தான்.
கொடியில் போட்ட துணி
போட்டதைவிட ஈரமாய் வீடு திரும்பும்.
இருநூறு வருடமாய்க் கப்பல் அனுப்பிய ஊர்,
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூசிய வீடுகள்,
எல்லாவற்றையும் மூடுபனி ஒரே வாயில் போட்டுக்கொண்டு
மெல்லாமல் வைத்திருக்கிறது.

தீயணைப்புக் கொட்டகையில் சிப்பி உரிக்கும் போட்டி.
வாசலில் தேவாலயத்துப் பெண்கள்
புளூபெரி பை விற்கிறார்கள்.
துண்டு நாலு டாலர் என்று
மர்டினா வைனாட் எழுதிய அட்டை ஊறிப்போய்
நாலு ஒன்பதாகத் தெரிகிறது.
ஒருவர் ஒன்பதே கொடுத்துவிட்டுப் போனார்.
கூரை ஒழுகுதே, என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தோணிப் பந்தயம்.
நேரம் குறிப்பது என் வேலை.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் கை
பொய் சொல்லாதாம்.
ஜோடிகளைச் சீட்டுப் போட்டு எடுப்போம்.
கடைசிச் சீட்டுகள் இரண்டு:
லோர்ன் நிக்கிள். வெர்னா நிக்கிள்.
கூட்டம் மெல்லுவதை நிறுத்தியது.

அண்ணன் தங்கை.
அப்பாவின் மீன்பிடி உரிமத்தை அவன் விற்ற நாள் முதல்
ஆறு வருடம் பேச்சில்லை.
ஒருவர் ரொட்டிக்கு வரிசையில் நின்றால்
மற்றவருக்கு அன்று ரொட்டி வேண்டாம்.
மறுபடி எடுக்கலாமா என்றார் பாதிரியார்.
சீட்டு சீட்டுதான், என்றாள் வெர்னா,
துடுப்பைப் பார்த்துக்கொண்டே.

சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும்.
பனி கொஞ்சம் விலகியிருந்தது,
விசில் ஊதியதும் வந்து மூடிக்கொண்டது.
ஒலிபெருக்கியில் எவரெட் கோர்க்கம் மட்டும் அசரவில்லை:
"இதோ... யாரோ முந்துகிறார்கள்!"

நாலு தோணி திரும்பியது.
ஐந்தாவது வரவில்லை.

தேவாலய மணி அடித்தோம்.
தீயணைப்பு வண்டி ஊளையிட்டது.
பை சுட்ட தட்டுகளைக் கரண்டியால் தட்டினார்கள்.
டொரண்டோச் சிறுவன் தன் பிளாஸ்டிக் ஊதலை
உயிரைக் கொடுத்து ஊதினான்.
பிறகு யாரோ கை உயர்த்த,
எல்லாம் அடங்கியது.

அப்போது கேட்டது,
பனிக்குள் எங்கிருந்தோ
இரண்டு குரல்களின் சண்டை.
தண்ணீர் மேல் பேச்சு தூரம் போகும்;
அது அவர்களுக்கும் தெரியும்,
கோபத்தில் மறந்திருக்கும்.
திருடன் என்றாள்.
அப்பாவின் ஊசிக்கு மாதம் எவ்வளவு தெரியுமா என்றான்.
உன்னிடம் சொல்லாதே என்று
அவர்தான் சத்தியம் வாங்கினார் என்றான்.
எவரெட் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான்.
ஆண்கள் ஏற்கெனவே சுற்றிவைத்த கயிற்றைப்
பிரித்து மறுபடி சுற்றினார்கள்.

அந்த ரசீதுகள் எல்லாம் நான் அடித்தவை.
மாதாமாதம், லோர்னின் பெயரில்.
மருந்துக்கடைக்காரிக்கு எல்லாம் தெரியும்,
எதையும் சொல்லக்கூடாது.
ஆறு வருடம் வெர்னாவுக்கு
இருமல் மருந்தும் சில்லறையும் கொடுத்து
வானிலை பேசியிருக்கிறேன்.

பிறகு குரல்களும் நின்றன.
அதுதான் நீளமாய் இருந்தது.

ஐந்து மணி நெருங்கும்போது வந்தார்கள்,
தாளம் தப்பிய துடுப்புகளோடு.
தோணியில் யாரோ விட்டுப்போன தூண்டில் கயிறு,
வாளியில் ஏழு கானாங்கெளுத்தி.
ஒரு வார்த்தை இல்லை.
அவனுக்கு மூன்று, தனக்கு மூன்று என்று
துறைப் பலகைமேல் பிரித்தாள்.
ஏழாவதை எடுத்துவந்து
என் மேசையில், பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் இடம்.
ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடம், என்று எழுதினேன்.
மீன் ஈரம் பட்டு மை பரவியது.

இரவு அதை வறுக்கும்போது
கோட்டுப் பையில் ஏதோ துடித்தது.
கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கிறேன்.