மூன்றாம் பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எண்ணெய் டேங்கர்களை முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு
விட்டுவிட்டேன்.
சட்டைக்குள் மஞ்சள் உறை. அதில்
லோகித்தின் ரத்தம் பற்றி மூன்று பக்கம்.

ஆய்வகத்து ஜெபரஞ்சிதம்
சீட்டின் முதுகில் கோடிழுத்துச் சொன்னாள்:
"எழுத்துப் பிழை இல்லண்ணே. புதுக் கிருமியும் இல்ல.
எல்லார் உடம்புலயும் கிடக்கிறதுதான்.
தன்னையே ஜெராக்ஸ் எடுத்து
இன்னோர் இடத்துல ஒட்டிக்கும்.
நம்ம எழுத்துல பாதிக்குக் கிட்ட
இப்படி ஏறி உக்காந்ததுதான்.
முக்கால்வாசி செத்துப்போச்சு.
ஒண்ணு ரெண்டு இன்னும் கை காலை ஆட்டுது."

நான் லைன்மேன்.
இருபத்திரண்டு வருஷமாய்ச் சந்து சந்தாய்க்
கொக்கி கழற்றுகிறவன்.
கம்பியில் ஒரு கீறல்;
உரிந்த அந்த நுனியிலிருந்தே
முறுக்கத் தொடங்கும் திருட்டு வயர்.
சொந்த ஸ்பேனரோடு வருகிறவன் ஒருவன்,
அவன் ஸ்பேனரில் ஓசியில் வேலை முடிப்பவன் இன்னொருவன்.
பாதியில் விட்டு ஓடியவர்கள்தான் அதிகம்.
தலையில்லாமல் தொங்கும் வால்கள்.

"வந்து உக்காந்ததுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பே?"
"நுழைஞ்ச இடத்து எழுத்து நாலஞ்சு
ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிக்கும்."
எழுதியும் காட்டினாள்:

அடிபட்டால் ரத்தம் உறை
        வேறெங்கோ படிக்க வேண்டிய வரி
        ஏஏஏஏஏஏஏஏஏஏஏ
உறையும்.

கடைசியில் ஏன் இத்தனை ஏ என்று கேட்கவில்லை.
ராத்திரி கரண்ட் போனால் எங்கள் தெருவில்
எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவது அப்படித்தான்.

கழற்றிவிடலாம்.
ஏறுவதற்குக் கம்பம் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் இரண்டே வரி.
தாயிடம் காணப்படவில்லை.
தகப்பனிடமும்.
கரு பிடித்த ஏதோ ஒரு நாளில்
யாரையும் கேட்காமல் நடந்திருக்கிறது.

ஐந்து வருஷமாக மங்களேஸ்வரி
என் அக்கா வீட்டில் கை நனைப்பதில்லை.
"உங்க வம்சத்து ரத்தம்" என்று
அக்கா சொன்னது பத்து தடவை இருக்கும்.
நான் சொன்னது ஒரே தடவை,
பையனின் முழங்கால் பலூனாய் வீங்கிய ராத்திரி.

டேங்கர்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தன.
போன் போட்டேன்.
"மங்களம், உன்கிட்ட இல்லியாம்.
என்கிட்டயும் இல்லியாம்."

குழாயடிச் சத்தம் கேட்டது.
குடம் மாற்றும் சத்தம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டாள்:
"ஊசி வாங்கிட்டியா?
சீக்கிரம் வா,
ஐஸ் கரைஞ்சிடப் போவுது."