குறிப்பேட்டில் எழுதாதவை

பிப்ரவரி பதினொன்று. பள்ளிக்கூட உணவறை.
வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்,
உபெர்லிந்தாவின் நாயைச் சேர்க்காமல்.
தண்ணீர் லாரி இந்த வாரமும் ஒரு நாள் பிந்தியது
என்று முதல் வரியில் எழுதினேன்.
அதற்குமேல் யாரும் எழுதும்படி பேசவில்லை.

மழையைத் திட்டியே வளர்ந்தவர்கள் நாங்கள்.
காயாத சட்டை, பூஞ்சை பூத்த சுவர்,
கல்யாணத்தில் மழை, இழவில் மழை.
சிலோயேயில் கிணறு வற்றும் என்று
யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால்
இன்னொரு கோப்பை ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து
வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

பெலார்மினோ வரைபடம் விரித்தார்,
சுருளாமலிருக்க மூலைக்கொரு உருளைக்கிழங்கு வைத்து.
பச்சைப் பென்சிலில் பாசிச் சதுப்பு.
சிவப்பில், வழித்தெடுத்தது.
ரொசமெல் வரைபடத்தைப் பார்க்கவில்லை.
உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாக்குக்கு இவ்வளவு என்று
காய்ந்த பாசி வாங்கும் வேன்
அவன் வாசலில்தான் நிற்கும்.
கடல் தாண்டிப் போய், எங்கோ
ஆர்க்கிட் செடிகளுக்கு மெத்தையாகிறதாம்.
"என் மகளுடைய நர்சிங் படிப்புக்கு
யார் பணம் கட்டுவது? கையைத் தூக்குங்கள்."
சுற்றி வந்த மாத்தே குவளை
நொல்ஃபாவின் மடியில் நின்றுவிட்டது.
ஒரு கையும் எழவில்லை.
இதை எழுதாதே என்றார் தலைவர்.

எர்மிந்தா வெளியே போய்
இரண்டு கை நிறைய ஈரப்பாசியோடு வந்தாள்.
மாவு அளக்கும் குவளைமேல் பிழிந்தாள்.
சொட்டுவது நிற்கவே இல்லை.
கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு
என்று யாரோ கோட்டைப் படித்தார்கள்.
"தெரியும்" என்றான் ரொசமெல்.
"நாளெல்லாம் அதில் முழங்கால்வரை நிற்பவன் நான்.
என் பூட்ஸைப் பிழிந்து காட்டட்டுமா?"

சந்தியாகோவிலிருந்து வந்து குடியேறிய காஸ்பர்
மூன்று நாளைக்கான அவசரப் பை பற்றிப் பேசினான்.
டார்ச், விசில், உப்பு பிஸ்கட்.
சிரித்தோம். காற்று அடித்தால் படகு வராத ஊர்.
மூன்று நாள் என்பது
இங்கே ஜூலை மாதத்தின் வேறொரு பெயர்.
"அப்படியானால் எல்லோருமே தயாராக இருக்கிறீர்கள்" என்றான்,
கிண்டலில்லாமல்.

அப்போதுதான் நொல்ஃபா சொன்னாள்,
குவளையைப் பார்த்தபடி:
"என்னிடம் இரண்டு தொட்டித் தண்ணீர் இருக்கிறது.
நவம்பரிலிருந்து. தார்ப்பாய் போட்டு, விறகு அடுக்கி."
ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.
"கேட்டுவிடுவீர்கள் என்றுதான்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
பெலார்மினோ தொண்டையைச் செருமி
நாற்பது லிட்டர் டீசல் என்றார்.
உபெர்லிந்தா, கட்டிலுக்கடியில் மாவு மூட்டை.
தலைவருக்கு ஜெனரேட்டர்,
அவர் மனைவிக்கே அப்போதுதான் தெரிந்தது.
நான் பேனாவை மூடிவிட்டு,
அறுபது மெழுகுவர்த்தி,
ஒரு வீட்டுக்கு மட்டும் போதுமான
குளோரின் மாத்திரை என்றேன்.
ஒவ்வொருவரும் அடுத்தவரிடமிருந்து தப்பிக்கத்தான்
இத்தனை நாள் தயாராகியிருக்கிறோம்.

இதை எழுதலாமா என்று கேட்டேன்.
யாரும் வேண்டாம் என்று சொல்லாததால்
கடைசிப் பக்கத்தில், பென்சிலில்.

பள்ளிக் கிணற்றுக்கு மேலுள்ள சதுப்பை
ஏப்ரல்வரை தொடமாட்டேன் என்றான் ரொசமெல்.
ஏப்ரலுக்குப் பிறகு?
"ஏப்ரலுக்குப் பிறகு கேளுங்கள்."
சிலருக்கு அது போதவில்லை. நாற்காலிகள் இழுபட்டன.
எர்மிந்தா மட்டும் அவனிடம்
எவ்வளவு கட்டணம் என்று கேட்டாள்.
சொன்னான். யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.
அந்தத் தொகையை எழுதிக்கொண்டேன்,
தீர்மானங்கள் என்ற தலைப்பின் கீழ் அல்ல,
மெழுகுவர்த்திகளுக்கு அடுத்த வரியில்.

விளக்கணைக்கும் நேரம்
குவளையிலிருந்த பாசித் தண்ணீரை என்ன செய்வது
என்று யாருக்கும் தெரியவில்லை.
தேநீர் நிறம். கொட்ட மனம் வரவில்லை.
உபெர்லிந்தாவின் நாய் குடித்தது,
முழுவதையும், அடியை நக்கி.