பானெட்டின் உட்புறம்

கண்ணாடிமேல் பெயிண்ட் தெறிக்காதிருக்க
பழைய காலண்டரைக் கிழித்து ஒட்டுவோம்.
இன்ஷூரன்ஸ் கம்பெனிக் காலண்டர், மார்ச் மாதம்.
லேண்ட் குரூசரின் பின்கண்ணாடியில்
ஒரு வைக்கோல்போர்.

சத்தியமாக ஊர் ஞாபகம் வரவில்லை.
எங்கள் பக்கம் உப்பளம்தான்.
என்னை நிறுத்தியது அதன் நிழல்.
நீலம்.
கறுப்பில் நீலம் கலந்ததல்ல,
கறுப்பே தொடாத நீலம்.
பதினோரு வருஷம் கலர் மேட்ச் பண்ணியவன்
சொல்கிறேன்.
ஓரத்தில் பொடியெழுத்து: பிரான்சு, 1891.
ஆளின் பெயர்மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

கன்னைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து, மாலை நாலரை.
நசுங்கிய பம்பர்கள் ஆளுயரக் குவியல்.
அதன் நிழல்
ஊதா.
இத்தனை நாள் எவன் என் கண்ணில்
மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தான்?

பனியில் ஒருவர் நடுங்கிக்கொண்டு பார்த்தது
நாற்பத்தாறு டிகிரியில் எனக்குப் பலித்தது.

டெண்டிங் குல் ஜமான் சிரித்தான்:
"குப்பைக்கு எதுக்கு போட்டோ?"
மிச்ச பெயிண்டில், ஹார்டனர் இறுகுமுன்,
கழித்துப்போட்ட நிஸான் பானெட்டின் உட்புறம்
விலாவெலும்புத் தகடுகளுக்கு நடுவே நாலு கட்டம்.
நாலிலும் அதே குவியல்.
ஃபஜ்ர் பாங்குக்கு ஒன்று.
பத்துமணி டீக்கு ஒன்று.
மணற்காற்று அடித்த அன்றைக்கு ஒன்று,
அதில் குவியலே இல்லை, ஒரு மஞ்சள் இருமல்தான்.
நாலாவது சரியாக வரவில்லை. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு பலூச்சிக்காரர்
புரட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு?"
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
முன்னூறு திர்ஹம் என்றான் குல் ஜமான்.
அவர் கேட்டது
பானெட்டின் விலை.

வெளிப்புறம் வெள்ளையடித்துக் கொடுத்ததும் நான்தான்.

இப்போது அஜ்மானில் எங்கோ ஓடுகிறது,
படம் கவிழ்ந்து
எஞ்சினைப் பார்த்தபடி.
பெல்ட் அறும். தண்ணீர் கொதிக்கும்.
எவனாவது தூக்குவான்.
கம்பியை முட்டுக்கொடுத்து
ஸ்பேனருக்குக் கை நீட்டியவன்
ஒரு நொடி நிற்பான்.
பிறகு தன் காலடியில் கிடக்கும் நிழலைப் பார்ப்பான்.
பார்க்காமலும் போவான்.

மூடும்போது அவன் கட்டைவிரல்
நாலாவது கட்டத்தில் பட்டால் நல்லது.
அங்கே ஒரு நிழல் குறைந்தது.
கிரீஸ், கறுப்பாகத்தான் இருக்கும்.
இருக்கட்டும்.