பிரேக்கர்

ஹவல்லியில் பழைய கார்டு, எழுபது தினார்.
"மைனிங்கில் ஓடியதே இல்லை, சத்தியம்"
என்றான் கடைக்காரன், பாதி இந்தியில்.
விசிறி இதழின் பின்பக்கம் தடவினேன்.
விரலில் வந்த தூசு
அவன் சத்தியத்தைவிட மூத்தது.
அறுபதுக்கு முடிந்தது.

பகலெல்லாம் மொட்டைமாடிகளில்
அடுத்தவர் ஏசிக்கு கேஸ் அடிக்கிறவன் நான்.
சூடு எந்த வழி போகும்,
எங்கே நின்று முறைக்கும், தெரியும்.
கட்டிலின் மேல்தட்டில் சம்மணமிட்டு
பிராசஸர் மேல் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தேன்.
ஸ்க்ரூக்கள் சோடா மூடியில்.
ஒன்று மட்டும் நழுவிக் கீழே போனது;
ஆன்றோவின் மீன்குழம்பில் இருந்ததென்று
மறுநாள் தெரிந்தது.

முதல் ரேஸ். முதல் வளைவு.
நனைந்த தார்ச்சாலையில் விளக்குகள் நீளமாய்க் கிடந்தன.
குவைத்தில் நான் பார்த்த
முதல் நல்ல மழை.

டக்.

ஜூலை மாதம், ஆறு ஆண்கள், ஒரு ஜன்னல்.
நான்கு மாவட்டத் தமிழில் வசவு வந்தது.
அந்நேரம் அயர்ன்பாக்ஸ் செருகியவன்
வாயே திறக்கவில்லை.

ஏசியா, அதுவா?
விடியுமுன் ஓட்டெடுப்பு.
வியர்வையில் நானும் ஏசிக்கே கை தூக்கினேன்.

நவம்பர் வரட்டும்.
அதுவரை கேபினெட் என் கால்மாட்டில்
லுங்கி போர்த்திக் கிடக்கும்.
புதுத் தலைமுறை கார்டு வந்துவிட்டதாம்,
என்னுடையது நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்டதாம்.
போன் வெளிச்சத்தில் படிக்கிறேன்,
உதடு அசைகிறது போல.

கீழ்த்தட்டிலிருந்து ஆன்றோ:
"புதுசு எத்தனை வாட்டுடே?"